இரண்டு பொட்டலம் மண்

கரவனெல்ல
09.08.2024

லோரன்ஸ் அண்ணனுக்கு,

நலம். அனிற்றா அண்ணியின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே மழை விடவில்லை. றப்பர் பால்வெட்டு வாரத்தில் இரண்டு நாளுக்குமேல் இல்லை.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரே தோட்டத்துப் பிள்ளைகள், ஒரே பல்கலைக்கழகம் என்று தொடங்கியிருந்தீர்கள். ஏழு வருடத்துக்குப் பிறகு அது நினைவுக்கு வந்த காரணம் அடுத்த பக்கத்தில் இருந்தது. உங்கள் ஆய்வுகூடத்தில் காட்டுக் கோதுமையின் வேர்ப்பூஞ்சை செத்துவிட்டது. ஒக்டோபரில் மதிப்பீட்டுக் குழு வருகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆய்வுகூடத்தை மூடிவிடுவார்கள். என்னிடமிருந்து அந்தப் பழைய மண் கொஞ்சம் வேண்டும்.

ஏன் செத்தது என்று கேட்டிருந்தீர்கள். பொசுபரசுப் பசளை போட்டிருக்கிறீர்கள். வேர் எட்டாத இடத்துப் பொசுபரசைப் பூஞ்சை கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி சர்க்கரை கொடுக்கும். பொசுபரசு தாராளமாகக் கிடைத்தால் செடி கையை மூடிக்கொள்ளும், பூஞ்சை பட்டினியில் சாகும். மெலிந்த மண்ணில் அந்தக் கூட்டினால் அதிகம் பிழைப்பது காட்டுக் கோதுமைதான். இது உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது. அதற்குமுன் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது.

அந்த நாளில் நீங்கள் அனுப்பிய கோதுமை விதைகளை என் வீட்டுப் பின்புறம், றப்பர் மரத்தடி மண் நிரப்பிய சாடிகளில் போட்டேன். சூட்டில் கதிர் வரவில்லை. எனக்கு வேர் போதும். பேனா மையும் வினாகிரியும் கலந்து வேரை நீலமாக்கி, இரண்டு வருடம் நுணுக்குக்காட்டியில் எண்ணினேன். கட்டுரையில் உங்கள் பெயர். கடைசி வரியில், உள்ளூர் உதவிக்கு நன்றி.

சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிய வெள்ளையம்மா, பால் வெட்டுகிறவள், இதைக் கேட்டுச் சிரித்தாள். "பால் கொறஞ்சா எங்களுக்கு அரைநாள் கூலின்னு புத்தகத்துல அரைப்பேராச்சும் போடுவாங்க. உங்களுக்கு அதுகூட விழலையாங்க மேடம்? அந்த தொரைக்கு மண்ணு வேற அனுப்புறீங்களாக்கும்?" என்றாள்.

அனுப்புகிறேன். உங்கள் மண் இறக்குமதி அனுமதிப் பத்திரத்தோடு இரண்டு பொட்டலம். ஒன்றில் உயிருள்ள மண். மற்றதைக் குக்கரில் இரண்டு மணிநேரம் அவித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று வேண்டும், முதலாம் வருடப் பாடம். எது எது என்று எழுதவில்லை. விதை போட்டு ஆறு வாரத்தில் வேரை நீலமாக்கிப் பார்த்தால் தெரியும். அந்த வேலையை நீங்களே செய்ததாகத்தானே கட்டுரை சொல்கிறது.

குழுத் தலைவருக்கும் போன வாரம் எழுதினேன். உங்களைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் நீங்களே வேருக்குச் சாயமேற்றிப் பூஞ்சையைக் காட்டினால் நன்றாயிருக்கும் என்றேன். நல்ல யோசனை என்று நேற்றுப் பதில் வந்தது.

என் பெயரைச் சேர்த்துவிடுகிறேன் என்று இப்போது எழுதாதீர்கள். அதைக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் உங்களுக்குக் கிடைத்தன என்று அண்ணிதான் சொன்னார்.

நான் கும்பிட்டுப் பழகாதவள். ஆனாலும் அன்று உங்கள் கை நடுங்காமல் இருக்கட்டும். கோதுமை வேர் மிக மெல்லியது, அண்ணன். பழக்கமில்லாத கையில் அறுந்துவிடும்.

இப்படிக்கு,
வேரை எண்ணிய
சுதர்ஷினி