தலைகீழான மெக்சிகோ

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமா? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? மினியாபொலிஸில் நான் நலம்.

நாற்பது நாட்டு மக்களின் தனிமையை அளக்கும் எங்கள் ஆய்வில், போன வாரம் நம் மெக்சிகோ முதலிடத்தில் வந்தது. நம்ப முடியாமல் கணக்கை முதலிலிருந்து சரிபார்த்தேன். பிறகு பார்த்தால், ‘என்னைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள்’ போன்ற வரிகளுக்கு ‘ஆம்’ என்றால் தனிமை குறைவு; அவற்றின் மதிப்பெண்களைத் தலைகீழாக்க நான்தான் மறந்திருக்கிறேன்.

ஆய்வுத் தலைவர் இங்க்ரிட் சிரித்துவிட்டார். “ஏம்மா நயேலி, கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிடுற ஜனங்கள இப்படி அநாதையாக்கிட்டியே!”

திருத்தியதும் மெக்சிகோ கடைசிக்கு இறங்கியது. அப்பாடா! சோதனைக்காக நானே என்னைப் பற்றி நிரப்பிய படிவத்தின் தனிமை மதிப்பெண் மட்டும் ஏறிவிட்டது. அது கணக்கில் சேராது, கவலைப்படாதீர்கள்.

மோலே குழம்புக்கு நீங்கள் அரைக்கும் விழுதை அனுப்பினால் இரண்டு பேருக்கு அனுப்புங்கள். யாரையாவது சாப்பிடக் கூப்பிடுகிறேன். பேருந்து வந்துவிட்டது.

உங்கள்
நயேலி