மெதுவாகச் சாத்திய துப்பாக்கி

மொன்டானா
அக்டோபர் 9

அன்புள்ள கென்ட் அண்ணனுக்கு,

டார்லா எழுதுவது. நான் நலம். அலாஸ்காக் கடலில் நீயும் மீனும் நலமென்று நம்புகிறேன். பாதிக் கடிதம் வரை உன்னைத் தவிக்கவிட மனசில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துப்பாக்கித் தேர்வில் தேறிவிட்டேன். பேட்ஜ் என் சட்டையிலேயே இருக்கிறது.

இரண்டு தடவை தோற்றதுதான் உனக்குத் தெரியுமே. மூன்றாவதும் போயிருந்தால் பதினோரு வருட ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ் வேலை அத்தோடு சரி. குறி தப்பவில்லை, என் குறி எப்போதும் உன்னுடையதைவிட மேல். இந்த வருடம் புதிதாக, நமக்குத் தெரியாமல், தோட்டா அடைக்கும் மேகசினுக்குள் பொய்த் தோட்டாக்களைக் கலந்து வைக்கிறார்கள். விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே மேகசினின் அடியில் ஒரு தட்டு தட்டி, துப்பாக்கியின் மேல் நகரும் மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டு, பொய்த் தோட்டா வெளியே விழுந்ததும் சுட வேண்டும். இதைத் தூக்கத்தில்கூடச் செய்வேன். ஆனால் என் ஸ்லைடு மட்டும் ஒரு நூலளவு மூடாமல் நின்றுவிடும். அதைத் தட்டி மூடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

துப்பாக்கியைத்தான் திட்டினேன். ஸ்பிரிங்கை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். துப்பாக்கியையே மாற்றிக் கொடுத்தார்கள், புதியதும் அதையே செய்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஆபீசில் என் காதுபடவே பேசினார்கள். அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

திங்கட்கிழமை, பயிற்சி கொடுக்கும் ரஸ்டட் குறிப்பலகையை விட்டுவிட்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏம்மா, அது துப்பாக்கியா, தூங்கற குழந்தையா, கூடவே கையக் கொண்டுபோய் இப்படி மெதுவா சாத்தறியே, யாரு கத்துக்குடுத்தா என்று கேட்டார். எங்கண்ணன்தான் என்றேன். அந்த மகராசன்கிட்டச் சொல்லு, மூடறது ஸ்பிரிங்கோட வேல, உன் கையோட வேல இல்ல, இழுத்துட்டு விட்ரு, தானே அறைஞ்சு மூடிக்கும் என்றார்.

அப்போதுதான் உறைத்தது. உனக்குப் பதினேழு, எனக்குப் பதினாலு. கன்று போடும் மாதத்தில் அப்பா இரவெல்லாம் கொட்டகையில் கிடந்துவிட்டுப் பகலில் தூங்குவார். நாம் அடுப்படியில் தோட்டா இல்லாத துப்பாக்கியை வைத்துப் பழகுவோம். சத்தம் கேட்டு அவர் எழுந்தால் முதுகுத்தோல் உரியும். மெதுவா விடுடி, மெதுவா விடு என்று என் கையைப் பிடித்துச் சாத்தவைப்பாய். முப்பது வருஷமாக அப்படியே சாத்திக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல வாத்தியார் நீ.

அன்று அதே அடுப்படியில், மேகசினை எடுத்துவைத்து, துப்பாக்கி காலிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, நூறு தடவை இழுத்து விட்டேன். நேற்றுத் தேர்வில் ஐந்து பொய்த் தோட்டா வந்தது, ஐந்திலும் ஸ்லைடு சுத்தமாக மூடியது. ரஸ்டட் தலையை மட்டும் ஆட்டினார். வண்டியில் உட்கார்ந்து பத்து நிமிஷம் தனியாகச் சிரித்தேன். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கிவிட்டது அண்ணா.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த அடுப்படியில் ஒவ்வொரு தடவை ஸ்லைடு அறையும்போதும் அப்பா அறையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அடக்கம் முடிந்து நீ கிளம்பிப்போய் இரண்டு வருஷமாகிறது. பிப்ரவரியில் கன்று போட ஆரம்பிக்கும். நாற்பது மாடு, நான் ஒருத்தி. லீவு கிடைத்தால் வா. இரவில் நீ கொட்டகையைப் பார்த்துக்கொள், பகலில் அப்பா கட்டிலில் படுத்துத் தூங்கு. உன் தூக்கம் கலையாமல் நான் மெதுவாகவே கதவைச் சாத்துகிறேன்.

கடலில் பத்திரமாக இரு.

உன் தங்கை
டார்லா