மிளகாய்ப் பாதை

பங்குனி 2, ஞாயிறு.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து கூட்டாளிங்க சைக்கிளோட வர்றாங்க. அதுக்காகத் தங்கச்சி மீனாவும் நானும் காரங்காடு வரைக்கும் வழி பார்க்கப் போனோம். கண்மாய்க்கரைச் சரளையில டயர் நறநறன்னு ஓடுச்சு. தூரத்துல கடல் வெள்ளைக் கோடாத் தெரிஞ்சது. அப்படி ஒரு அழகு.

கரையை விட்டு இறங்கினா பாதை முழுக்கச் சிவப்பு. குண்டு மிளகாய் காயுது. நானும் மிளகாய் போடுற வீட்டுக்காரன்தான். தை மாசம் வழி குறிச்சப்ப இது தோணவே இல்லை. ஓரமெல்லாம் கருவேல முள்ளு, டயர் தாங்காது.

"நடுவுல மெதுவா ஏத்திப் போயிரலாம்" என்றேன்.

"நம்ம மிளகாய்மேல ஒருத்தன் ஏத்துனா விடுவியாண்ணே?" சைக்கிளைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு முள்ளுக்குள்ள இறங்கிட்டா. அசந்துட்டேன்.

மிளகாய்க் காவலுக்கு இருந்த ஒரு அம்மா பதறிட்டாங்க. "ஏத்தா, முள்ளு குத்தும், இங்கன வா!" காலாலயே மிளகாயை ஒதுக்கி வழி விட்டாங்க. தாண்டினதும் மீனா உக்காந்து அத்தனையையும் பழையபடி பரப்பினா. நானும் பரப்பினேன்.

இதே வழிதான். ஆனா இறங்கி நடக்கணும். வர்றவங்க கேப்பாங்களா? மீனாவைத்தான் முன்னால விடணும்.

கை கழுவியும் காரம் போகலை. தெரியாம கண்ணைக் கசக்கிட்டேன். எழுத்தே மங்குது.