கழன்ற செருப்பு

28.8.1964, வெள்ளி.

மூத்த பேரனுக்குத் தபால் ஆபீஸ் வேலை நிரந்தரமாயிடுச்சி. பேத்தி கமலா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கடைக்குட்டி செல்வி அஞ்சாவதுக்கு வந்துட்டாள், நான் படிப்பை நிறுத்தின வகுப்பு. எல்லாம் விழுப்புரத்திலிருந்து மகள் எழுதிய கடுதாசியில் இருக்குது.

இன்னிக்குச் சந்தையில் என் இடது செருப்பு கழன்று போனதே எனக்குத் தெரியல. மளிகைக்கடைக்காரி கத்தினாள்: "ஆயா, நீ இங்க நிக்கிற, உன் செருப்பு அங்க எங்க கடை வாசல்ல கிடக்குது!"

"அதுக்கு நடக்கச் சோம்பல், மெதுவா வரட்டும்" என்றேன். கடைத்தெருவே சிரிச்சிது.

எங்க நைனாவுக்கும் இதே கால்தான். பாதம் வில்லு மாதிரி வளைஞ்சி, அப்புறம் மரத்துப்போகும். பரம்பரையா வர்ற நரம்பு வியாதி என்று பாண்டிச்சேரி டாக்டர் சொன்னார். எனக்குப் பழகிப்போச்சி. சுவரைப் பிடிச்சிக்கிட்டே இட்லிக்கு மாவும் ஆட்டிடறேன்.

ஆனால் கடுதாசியின் கடைசி வரி தூங்க விடல. செல்விக்கு எந்தச் செருப்பும் காலில் நிக்கலையாம், ஓடினால் தடுக்கி விழறாளாம். அளவு பெரிசு என்று மகள் நினைக்கிறாள். டாக்டர் சொன்னதை அவளிடம் நான் இன்னும் சொல்லல.

போன தடவை மகள் அனுப்பின போட்டோவில் குழந்தை இடுப்பு வரைக்கும்தான் தெரியுது. நாளைக்கே எழுதணும். செல்வியை வெறுங்காலோட நிக்க வெச்சிப் புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பும்மா, ஆயாவுக்குக் கொலுசைப் பார்க்க ஆசையா இருக்குது.