லிட்டருக்கு ஆறரை

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த வாரமும் ஆறரைதான். டாங்க்கை வாய் வரை நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, அதே டீசல் பங்க்கில் மறுபடியும் வாய் வரை நிரப்பினேன். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தேன். நம்பாமல் இன்னொரு முறை வகுத்தேன். லிட்டருக்கு ஆறரை கிலோமீட்டர்.

ஜீப்போடு வந்த புத்தகத்தில் பதின்மூன்று என்று போட்டிருக்கிறது. ஆளே ஏறாமல், மேடே இல்லாத ரோட்டில், எதிர்க்காற்றே வீசாத ஊரில் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அது போகட்டும். என் வீட்டுக்காரர் ஓட்டும்போது ஒன்பது கொடுத்ததாம். அந்த ஒன்பதுதான் என்னைப் படுத்துகிறது.

இவர் விழுந்து ஒரு மாதமாகிறது. மலை மேல் பள்ளிக்கூட வாசலில், ஜீப்பின் கூரைக் கேரியரில் ஏறி மூட்டையை அவிழ்க்கும்போது வழுக்கிவிட்டது. முதுகெலும்பில் விரிசல். நான்கு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் பட்டிருந்தால்? ஆள் வீட்டில் படுத்துக்கொண்டு என்னைக் குறை சொல்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறார். இதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்பு பேக்கரி வேன் ஓட்டியவள் நான். அதனால் அந்த வாரமே சாவியை எடுத்துக்கொண்டேன். காலையில் மூன்று டீச்சர்களையும் பள்ளிக்கூடச் சாமான்களையும் வாடகைக்கு ஏற்றிக்கொண்டு மேலே போக வேண்டும், சாயங்காலம் கீழே கொண்டுவந்து விட வேண்டும். பாதி வழிக்கு மேல் தார் ரோடு. டீக்கடை வளைவைத் தாண்டினால் கடைசி வரை மண்ணும் கல்லும்.

ஆகஸ்ட் 7

கொழுந்தன் வந்திருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

“அண்ணி, இது டீசல் குடிக்கலை, ஊத்திக் குளிக்குது. யானை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்னு சொல்லுவாங்க. இது அசைஞ்சும் தின்னுது, அசையாம நின்னு உறுமிக்கிட்டும் தின்னுது.”

எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்துச் சொன்னதுதான் சிரிப்பை அடக்கியது. வண்டியை வாங்க ஒரு ஆள் இருக்கிறாராம், இருபத்துநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பாராம். அண்ணன் எழுந்து நடமாடும்வரை தானே வீட்டைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். தங்கமான பிள்ளை. அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை.

இவர் கூரையைப் பார்த்தபடியே, “நான் ஓட்டினப்போ ஒன்பது குடுத்த வண்டிடா. இவ மிதிக்கிற மிதி அப்படி” என்றார்.

மிதிக்கிறேனாம்! முட்டை மேல நடக்கிற மாதிரி ஓட்டிக்கிட்டு வர்றேன், மிதிக்கிறேனாம். ஒரு நாள் வந்து பார்த்தாரா? படுத்த இடத்துல இருந்து என் கால் தெரியுதா இவருக்கு?

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த வண்டி வேண்டும். டீசல் கட்டுப்படியாகாமல் அதை விற்றுவிட்டால், நான் திரும்ப ஸ்டியரிங் பிடிக்கிற நாள் இந்த ஜென்மத்தில் வராது.

ஆகஸ்ட் 8

டீச்சர்கள் இன்றும் என் வண்டியில்தான் வந்தார்கள். வேறு வண்டி கிடைக்காமல் இல்லை. நல்லா இருக்கட்டும்.

ஆகஸ்ட் 12

போரைத் தொடங்கிவிட்டேன். கூரைக் கேரியரைக் கழற்றிவிட்டோம். அது காற்றை எதிர்த்து நின்றே டீசலைத் தின்னும் என்று மெக்கானிக் சொன்னார். கழற்றக் கூட நின்றவர் யார்? வண்டியை விற்கச் சொன்ன அதே கொழுந்தன்தான். பின் சீட்டுக்கு அடியில் இருந்து ஒரு குட்டிக் கடையே வந்தது. இரண்டு ஜாக்கி, துருப்பிடித்த சங்கிலி, எதற்கென்றே தெரியாத ஒரு இரும்புத் துண்டு. சும்மாவே ஒரு ஆள் எடையைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

ஏசியை நிறுத்தினேன். கணக்கு டீச்சர் பின்னாலிருந்து, “அக்கா, நாங்க வேணா கொஞ்சம் மூச்சை அடக்கிக்கவா? எடை குறையுமே” என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மெக்கானிக் ஃபில்டர் மாற்றினார், பிரேக் பிடித்திருக்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். “இன்ஜின்ல ஒரு குறையும் இல்லைம்மா. இந்த வயசுல இப்படி இருந்தா அதுவே பெரிசு” என்றார். கூலியைப் பாதிதான் வாங்கினார். அவருக்கும் நன்றி.

ஆகஸ்ட் 18

ஏழைத் தொடவில்லை. ஆறேமுக்கால். ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும், சிரிக்காமல்.

காலையில் இவரிடம் போய் நின்றேன். “நீங்க வந்து பக்கத்துல உட்காருங்க. நான் மிதிக்கிறேனா இல்லையான்னு உங்க கண்ணால பாருங்க. அப்புறம் விக்கிறதுன்னா வித்துக்குங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். மண் ரோட்டில் குலுங்கக் கூடாது என்பதால் இவர் வளைவு வரை வந்து, அங்கே டீக்கடையில் சாயங்காலம் வரை படுத்திருப்பது, நான் மேலே போய்த் திரும்பியதும் கூட்டிவருவது என்று ஏற்பாடு. முதுகுக்கு இரண்டு தலையணை.

வழி நெடுக என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவில் நிறுத்தினேன். மெதுவாக இறங்கினார். டீக்கடைப் பக்கம் போகாமல் வண்டியின் முன்பக்கம் போனார்.

நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“யார் இதை லாக் பண்ணி வச்சது?” என்று ஒரு குரல். எட்டிப் பார்த்தேன். முன்சக்கரத்தின் நடுவில் இருக்கிற குமிழைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

“எதை?”

“என்ன எதை? ஹப்பை! மேல ஏறும்போது இங்க நிறுத்திப் பூட்டணும், இறங்கி வரும்போது இங்க நிறுத்தி விடுவிக்கணும். தினம் நான் இறங்கிச் செஞ்சேனே, கூட எத்தனை தடவை வந்திருக்கே, பார்த்ததில்லையா நீ?”

பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன்? வளைவு வந்ததும் மனுஷன் இறங்கி முன்பக்கம் போய்க் குனிவார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து மரியாதையாக மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதைச் சொன்னதும் பின்சீட்டிலிருந்து கணக்கு டீச்சர் மெதுவாக, “நாங்களும் அப்படித்தான் சார் நினைச்சோம். அதான் எல்லாரும் போனைப் பார்த்துக்கிட்டு இருப்போம்” என்றாள்.

இவர் சிரித்தார். பானட்டைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ முதுகு, அய்யோ முதுகு” என்று கத்திக்கொண்டே சிரித்தார். விழுந்த பிறகு இவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

விஷயம் இதுதான். குமிழைப் பூட்டினால்தான் முன்சக்கரங்களுக்கு இன்ஜினின் இழுவை போகும். சேற்றுக்கு அது வேண்டும். தார் ரோட்டில் உள்ளே இருக்கிற நாலு சக்கர இழுவை லிவரை நான் சரியாகத்தான் மாற்றினேன். ஆனால் வெளியே குமிழ் பூட்டியே இருந்ததால் முன்பக்கத்துத் தண்டும் பற்சக்கரமும் எல்லாம் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. மலையில் விழுந்த அன்று இவர் பூட்டியது. மலையிலிருந்து வண்டியை இறக்கிய ஆளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

குனிய முடியாமல் இவர் நிற்க, மண்டியிட்டு நான் ஒரு முறை விடுவித்து, மேலே ஏறுவதற்காக மறுபடியும் பூட்டிப் பழகினேன். “அந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கம்.” சாயங்காலம் இறங்கி வரும்போது நானே விடுவித்தேன்.

ஆகஸ்ட் 21

இன்னொன்றும் கண்டுபிடித்தார். காற்று. விழுந்த அன்று மழை பெய்து மண் இளகியிருந்ததால் நான்கு டயரிலும் காற்றை இறக்கியிருக்கிறார். சேற்றில் அப்படி இருந்தால் பிடிப்பு கிடைக்குமாம், தாரில் அப்படியே ஓட்டினால் டயர் நசுங்கி நசுங்கி டீசலை வாங்குமாம். நான் காற்றுக் கடையில் “இருக்கிற அளவே இருக்கட்டும்” என்று சொல்லிச் சொல்லி அதே குறைந்த காற்றைக் காப்பாற்றி வந்திருக்கிறேன்! இவர் எதையும் மாற்றியிருக்க மாட்டார் என்று அவ்வளவு நம்பிக்கை.

ஆகஸ்ட் 23, சனி

எட்டு புள்ளி இரண்டு!!

வியாழக்கிழமை டயருக்குக் காற்று ஏற்றியதும் டாங்க்கையும் நிரப்பியிருந்தேன்; இன்று மறுபடியும் நிரப்பி மூன்று முறை வகுத்தேன். ஹப்புக்குக் கொஞ்சம், காற்றுக்குக் கொஞ்சம், கேரியருக்குக் கொஞ்சம் என்று மெக்கானிக் பங்கு பிரித்தார். எந்த ஒன்றும் தனியாகத் திருடவில்லை, கூட்டுக் கொள்ளை.

கணக்கு டீச்சர் போனில் வழியை அளந்திருக்கிறாள். மேலே போக ஐம்பத்தொரு கிலோமீட்டர். வண்டி மீட்டர் நாற்பத்தெட்டு என்கிறது. போன வருடம் கொழுந்தன் ஆசையாகப் பெரிய டயர் வாங்கிப் போட்டாரே, அந்த டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது, மீட்டர் பழைய டயர் கணக்கிலேயே எண்ணுகிறது. “அக்கா, நீங்க ஓட்டுற தூரத்தை வண்டியே குறைச்சுச் சொல்லுது” என்றாள். அப்படிப் பார்த்தால் எட்டேமுக்கால் பக்கம்.

வந்து இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் விரலை நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்.

“ஒன்பதுங்கிறது பழைய டயர்ல பார்த்தது. பெரிய டயர் போட்டப்புறம் நான் அளந்தே பார்க்கலை.”

“அப்படியா?”

“மிதிக்கிறேன்னு சொன்னேன்ல. சொல்லியிருக்கக் கூடாது.”

அவ்வளவுதான் பேசினார். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. இவர் மன்னிப்புக் கேட்பதை எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை.

ஆகஸ்ட் 24

வாங்குகிறவர் வந்தார். டயரைத் தட்டினார், பானட்டைத் திறந்து பார்த்தார். “மைலேஜ் எப்படித் தரும்?” என்று கேட்டார்.

கொழுந்தன் முந்திக்கொண்டார். “ரொம்ப நல்லாத் தருது சார். அதான் வண்டியைக் குடுக்கலை.”

அக்டோபர் 9

அடைமழை. வழியெல்லாம் களி. முழு மண் ரோட்டையும் கீழ் கியரிலேயே ஏறினேன். இந்த வாரம் ஏழுதான். முன்பென்றால் அழுதிருப்பேன். சேற்றுக்கு உண்டானதைச் சேற்றுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று இப்போது தெரிகிறது. எங்கும் சிக்காமல், வழுக்காமல் வீடு வந்து சேர்ந்தோம். போதும்.

நவம்பர் 14, வெள்ளி

எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார், எலும்பு ஒட்டிவிட்டது, இனி எடை தூக்கலாம், வண்டி ஓட்டலாம் என்று. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கை கூப்பிவிட்டேன். உண்மையான சந்தோஷம். அதில் பொய் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியை இவர் சட்டைப் பையில் வைத்தேன். வைத்த பிறகு, அடுப்பங்கரையில் என்ன செய்ய வந்தேன் என்பதே மறந்துபோயிற்று.

நவம்பர் 17, திங்கள்

காலையில் இவர் போனார். நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். பகல் முழுவதும் வீடு துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன்.

சாயங்காலம் வந்தார். வாசலில் இறக்கிப் போட்டிருந்த கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கி, அடுப்பங்கரை வரை கொண்டுவந்து வைத்தார். கை கழுவினார். சாவியை என் கையில் கொடுத்தார்.

“நாளைக்கு நீயே போ. எனக்கு முதுகு வலிக்குது.”

முகத்தைப் பார்த்தேன். மனுஷன் மூச்சுகூட வாங்கவில்லை.

நான் படுக்கச் சொல்லி, தைலம் எடுத்துவந்து, வலியே இல்லாத அந்த முதுகை நெடுநேரம் தேய்த்துவிட்டேன்.