பெயர் சொல்லி மூடிய ஜாடி

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் பாத்திரம் துலக்க உமிச் சாம்பலைத் தண்ணீரில் குழைத்தாள். அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. திருவொற்றியூர் ஜாடிக் கம்பெனியில் நம் இருவர் கையிலும் எந்நேரமும் ஒட்டியிருந்த வாசனை. சோறு பிசையும்போதும் போகாது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டதடி.

நம் வேலை என்ன பெரிய வேலை? ஊறுகாய் ஜாடியின் விளிம்பைத் துடைப்பது. பளபளப்புக்காக மேலே பூசிய பூச்சு சூளையில் உருகிக் கண்ணாடியாகும். விளிம்பில் ஒரு பொட்டு மிச்சமிருந்தாலும் மூடியும் ஜாடியும் ஒரே கல்லாகத்தான் வெளியே வரும். அதனால் ஈரத் துணியால் வழித்தெடுத்து, வெள்ளை மண்ணும் உமிச் சாம்பலும் கரைத்த குழம்பைத் தடவி, அப்புறம் மூடியை வைப்போம். வைக்கும்போது ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாது. பேச்சு உள்ளே விழுந்தால் ஜாடி அதை விடாது, மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். எச்சில் பட்டுச் சாம்பல் கலைந்துவிடக் கூடாதென்று யாரோ கட்டிவிட்ட கதை என்று நான் சிரிப்பேன். நீ சிரிக்க மாட்டாய்.

யுத்தம் வந்தது. கலாசியாகக் கப்பலேறிய உன் வீட்டுக்காரர் ரங்கூன் பக்கம் போனவர் போனவர்தான். கப்பல் முழுகிவிட்டது என்று ஹார்பரில் சொன்னார்கள். உன் மாமியார் உன் தாலியைக் கழற்றி வாங்க நாள் குறித்துவிட்டாள். மறுநாள் கண் சிவக்க வேலைக்கு வந்தாய். ஒரு ஜாடியை எடுத்து விளிம்பைத் துடைத்து, மறுபடியும் துடைத்து, சாம்பலை வழிய வழியத் தடவினாய்.

"நல்லா பாத்துக்கடி. எங்கினா ஒரு பொட்டு பூச்சு கீதா?"

"இல்ல. இன்னாத்துக்குக் கேக்கறே?"

"இதுல அவரைக் கூப்புடப் போறேன். மூடி கயண்டு வந்துட்ச்சின்னா அவரு இல்ல, தாலியக் குடுத்துடறேன். புட்ச்சிக்கினா எங்கியோ உசுரோட கீறாரு."

"பைத்தியமாடி ஒனக்கு?" என்றேன். நீ காதில் வாங்கவில்லை. நம்மில் எவள் புருஷன் பெயரை வாயால் சொன்னாள்? நீயும் சொன்னதில்லை. அன்றைக்கு ஜாடிக்குள் முகத்தைக் கவிழ்த்து அவர் பெயரைச் சொன்னாய். பக்கத்திலேயே நின்ற எனக்குக்கூடக் கேட்கவில்லை. உடனே மூடிவிட்டாய்.

சூளை பிரித்தபோது மற்ற மூடிகளெல்லாம் லேசாகத் தட்டியதும் கழன்றன. உன்னுடையது வரவில்லை. மேஸ்திரி மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா தொட்ச்சே நீ? ஒடச்சிப் போடு இத்த" என்று கத்தினார். நீ அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாய், சந்தோஷத்தில். நான் குனிந்து விளிம்பைப் பார்த்தேன். சாம்பல் கோடு சுற்றிலும் வெள்ளையாக அப்படியே இருந்தது. ஒட்டிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை.

அப்புறம் தாலிப் பேச்சை உன் மாமியார் எடுக்கவேயில்லை. உங்கள் ராயபுரத்து வீட்டுக்கு நீ கொண்டுபோன அந்த ஜாடி இருந்த மூலைக்கே அவள் போக மாட்டாள். யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், அவர் வரவில்லை. சித்திரை வெயிலிலும் ஜாடி வேர்த்திருக்கும். நீ முந்தானையால் துடைத்துவிடுவாய், குழந்தைக்குத் துடைப்பதுபோல். பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பயம்.

கடைசியில் இருமல் உன்னைப் பாயில் தள்ளியது. ஒரு மத்தியானம் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினாய்.

"பூவோட போறனா, வெறுங்கழுத்தா போறனா, தெரிஞ்சிக்கினு போறேன். நீயே தொற."

"மேஸ்திரியாலயே ஆவல, என்னால ஆவுமா?" என்று சொல்லிக்கொண்டே மூடியில் கை வைத்தேன். எண்ணெய் தடவியதுபோல் வழுக்கித் திரும்பிக் கையோடு வந்தது. உள்ளே கடல் வாசனை. ஆனால் காய்ந்து கிடந்தது.

உனக்குத் தலை தூக்க முடியவில்லை. "கேட்டுச் சொல்லுடி" என்றாய். உன் மனசுக்காகத்தான் ஜாடி வாயில் காதை வைத்தேன்.

"இன்னா?"

ஆம்பளைக் குரல். பக்கத்து அறையில் இருப்பவரை இப்போதுதான் கூப்பிட்டதுபோல், கொஞ்சம் அலுப்போடு.

உயிரோடு இருந்து சொன்னாரா, போன இடத்திலிருந்து சொன்னாரா, எனக்கென்ன தெரியும்? "கீறாருடி" என்றேன். தலை வாரி, மல்லிகை வைத்து, பொட்டு இட்டுவிட்டேன். சாயங்காலம் நீ தாலியோடு போனாய். உன்னை நினைத்து அழுகிறேன், ஆனால் அந்தப் பூவை நினைத்து அழ மாட்டேன்.

அவர் குரல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. தண்ணீர் மொள்ளும்போது, கதவைச் சாத்தும்போது, காதோரம் "இன்னா?" என்கிறார். கூப்பிட்டவள் நீ. அவரிடம் நான் என்னவென்று சொல்வேன்?