மேல் வீட்டு வக்கீல்

தேன்கல்மட்டம்,
3 ஜூன் 2025

மதிப்பிற்குரிய வக்கீல் விஜயா அவர்களுக்கு,

ஞானசுந்தரி எழுதுவது. இரண்டு வருடங்களுக்கு முன் தாங்கள் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. நான் நலம். தங்கள் நலத்துக்கும் ஜெபிக்கிறேன்.

தங்கள் பழைய எண் வேலை செய்யவில்லை. ஆகவே ஊட்டி வக்கீல் சங்க முகவரிக்கு எழுதுகிறேன். பேரூராட்சியிலிருந்து சொத்துவரி நோட்டீஸ் வந்திருக்கிறது. வீடு முழுவதையும் வணிகக் கட்டடம் என்று போட்டு, வரியை மூன்று மடங்காக்கிவிட்டார்கள். இங்கே என்ன வணிகம் நடக்கிறது? நானும் ஒரு கோழியும்தான் இருக்கிறோம். எஸ்டேட் ஆபீஸில் முப்பது வருடம் டைப் அடித்துக் கட்டிய வீடு. பெங்களூர்த் தம்பி சில்வஸ்டர், "வித்துட்டு இங்க வந்துரு அக்கா" என்கிறான். வருடாவருடம் இப்படிக் கட்டவேண்டுமென்றால் அவன் பேச்சைத்தான் கேட்க வேண்டிவரும்.

நாம் பிரிந்த விதம் நன்றாக இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வக்கீல் தாங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
ஞானசுந்தரி

ஊட்டி,
7 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

விஜயாவின் வணக்கம். "தாங்கள்" என்பதைப் பார்த்ததும், வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

ஆட்சேபம் கொடுக்கக் கடைசித் தேதி நோட்டீஸிலேயே இருக்கும். அதற்குள் மனு போட்டுவிடலாம். அதுவரை வீட்டை விற்கிற பேச்சே வேண்டாம். கரண்ட் பில், பழைய வரி ரசீது இரண்டுக்கும் நகல் அனுப்புங்கள். முக்கியமான விஷயம், எதை வைத்து வணிகம் என்று எழுதினார்கள்? ஆபீஸுக்குப் போய், வீட்டைப் பார்க்க வந்தவர் எழுதிய அறிக்கையைக் கேளுங்கள்.

என் புது எண்ணை இப்போது தரமாட்டேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே படிக்கட்டுச் சேற்றில் வந்து நிற்போம். என் கட்சிக்காரர்கள் சேற்றுக் காலோடு மாடி ஏறியது தப்புதான். அதற்காக அத்தனை பேர் முன்னால் "இது ஊடா, கோர்ட்டா?" என்று கத்தினீர்களே! காகிதத்திலேயே பேசுவோம். அங்கே மழை எப்படி?

அன்புடன்,
விஜயா

தேன்கல்மட்டம்,
14 ஜூன் 2025

அன்புள்ள விஜயா,

மழை மூன்று நாளாக விடவில்லை. ஒரு துணி காயவில்லை. நீ கேட்ட நகல்கள் உள்ளே இருக்கின்றன.

ஆபீஸில் சசிரேகா என்ற பெண் அறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தாள். "கேட்ல 'விஜயா, பி.ஏ., பி.எல்., வழக்கறிஞர்'னு போர்டு இருக்குதுங்க. அதனால அலுவலகம்னு எழுதியிருக்காங்கம்மா" என்றாள்.

ஆமாம், உன் போர்டுதான். நீ கோபத்தில் விட்டுப்போனது அங்கேயேதான் இருக்கிறது. எடுக்க மறந்துவிட்டேன். வேறொன்றும் இல்லை.

உன் சமையல் இப்போதாவது தேறியிருக்கிறதா?

ஞானசுந்தரி

ஊட்டி,
18 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

என் போர்டா! கோர்ட் வராந்தாவில் நின்று தனியாகச் சிரித்தேன். சமையல் தேறவில்லை. ஹாஸ்டலில் சாப்பிடுகிறேன்.

மனு எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு ஆபீஸில் கொடுங்கள். இரண்டு வருடமாக என் அலுவலகம் ஊட்டியில்தான் என்பதற்கு வாடகை ஒப்பந்தமும் இருக்கிறது. ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். விசாரணைக்கு அழைத்தால் துணிந்து போங்கள். கேட்டதற்கு மட்டும் பதில். போர்டை ஏன் எடுக்கவில்லை என்றால், "மறந்துட்டேனுங்க". அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். உங்களுக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

அன்புடன்,
விஜயா

தேன்கல்மட்டம்,
10 ஜூலை 2025

அன்புள்ள விஜயா,

நேற்று முன்தினம் விசாரணை. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். செயல் அலுவலர் சின்ன வயது. உன் மனுவை இரண்டு தடவை படித்தார்.

"வக்கீலம்மா காலி பண்ணி ரெண்டு வருஷம்கறீங்க. அப்புறம் எதுக்குங்க போர்டு இன்னும் தொங்குது?"

"மறந்துட்டேனுங்க" என்றேன்.

"தினமும் அந்த கேட்டைத் திறந்துதானேம்மா வர்றீங்க?"

பொய் நிற்கவில்லை விஜயா. "மறக்கலீங்க. ரெண்டு தடவ ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டுப் போனேன். கழட்டிட்டா அந்தப் பொண்ணு நெசமாவே போயிட்டான்னு ஆயிருமுங்க. நான்தான் திட்டி அனுப்புனேன்" என்று சொல்லிவிட்டேன். அங்கேயே அழுதும் விட்டேன். சசிரேகா தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை அவரே குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மாடி அறைகளைத் திறந்து பார்த்தார். உன் பழைய கட்டிலும் என் வெங்காயக் கூடையும்தான் இருந்தன. காபி குடித்தார். இன்று உத்தரவு கைக்கு வந்தது. குடியிருப்புதான்! பழைய வரியே. சில்வஸ்டருக்குப் போன் போட்டு, வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

வழக்கில் ஜெயித்த கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று கத்தியதற்கு என்னை மன்னித்துக்கொள். சேற்றைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர் போதும். உன்னை அனுப்பிவிட்டு இரண்டு வருடம் தனியாகச் சாப்பிட்டேன்.

அன்பு மறவாத,
ஞானசுந்தரி

ஊட்டி,
14 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இன்று காலை கோர்ட் வாசலில் பிரித்தேன். படித்து முடித்து நிமிர்ந்தால், என் கட்சிக்காரர் தனசிங் பயந்துபோய் நிற்கிறார். "ஏனுங்க மேடம் அழுவறீங்க? கேஸு தோத்துருச்சுங்களா?"

"இல்லீங்க, ஜெயிச்சுட்டோம்" என்றேன். அவர் தன்னுடைய கேஸ் என்று நினைத்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். உண்மையைச் சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரமானது.

கோபத்தில் ஒரே வாரத்தில் கிளம்பியது நான்தான். இன்னும் ஒரு நாள் பொறுத்திருந்தால் நீங்களே காபியோடு மாடிக்கு வந்திருப்பீர்கள். அது எனக்கு அப்போதே தெரியும். வீம்பில்தான் பொறுக்காமல் போனேன். நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டிலேயே இருங்கள். பதினொரு மணி பஸ்ஸில் இரண்டு பெட்டிகளோடு வருகிறேன். அலுவலகம் ஊட்டியிலேயே இருக்கட்டும், கட்சிக்காரர்களும் அங்கேயே வரட்டும். எனக்கு மாடி வேண்டும், குடியிருக்க மட்டும்.

உங்கள்,
விஜயா